ஏசி அறைக்குக் கடற்காற்று எவ்வளவு வேண்டும்?

"ஏசி ஓடுகிறதே, புதுக்காற்று வந்துகொண்டுதானே இருக்கும்?"

வராது. ஸ்பிலிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. உள்ளே வெளியே போய் வருவது செம்புக் குழாயில் ஓடும் கேஸ் மட்டும். தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ்களில் மதியம் மூன்று மணிக்கு வரும் கொட்டாவிக்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

"கடற்காற்றுக்குக் காசா, பணமா? எக்ஸாஸ்ட் ஃபேனை நாள் முழுக்க ஓட விடலாம்."

ஏசி இல்லாத அறைக்குச் சரி. ஏசி அறையில் கரண்ட் பில்லை ஏற்றுவதே இதுதான். 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 24 டிகிரிக்கு, பாதி ஈரப்பதத்துக்குக் கொண்டுவர ஏசி படும் பாட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே போகிறது. 12 பேருக்கு வேண்டிய வெளிக்காற்று, ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் என்று வைத்தால், ஒன்றரை டன் ஏசி ஒன்றின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். டிரெயின் குழாயில் மணிக்கு 5 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் கொட்டும். இருப்பது மூன்றே பேர் என்றால் இதில் முக்கால்வாசி வீண்.

"ஆளைப் பார்த்துக் காற்று விடும் கருவியெல்லாம் பெரிய மால்களுக்கு."

மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள் 100 கிலோவாட் மின்சுமையிலிருந்துதான் தொடங்குகின்றன. சிறிய கட்டடத்துக்குக் கட்டாயமில்லை, அவ்வளவே. கரியமில வாயு சென்சார் ஒன்று, வேகம் மாறும் ஃபேன் ஒன்று போதும். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு சொச்சம். அறைக்குள் அது ஆயிரத்தை நெருங்கினால் ஃபேன் வேகமெடுக்கும். ஆள் கலைந்தால் தணியும். பெயின்ட், ஜெராக்ஸ் மெஷின் வாடையெல்லாம் இந்தச் சென்சாருக்குத் தெரியாது என்பதால், ஆள் இருக்கும் நேரத்தில் ஃபேனை அடியோடு நிறுத்தக் கூடாது. பந்திக்குப் பந்தி கூட்டம் மாறும் மண்டபம், டியூஷன் சென்டர், நகைக்கடை ஆகியவற்றுக்கு இது லாபம். காலை முதல் மாலை வரை அதே நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்துக்குத் தண்டச் செலவு. அங்கே சின்ன ஃபேனும் டைமரும் போதும்.

"சென்சார் மாட்டியாச்சு, இனிக் கவலை இல்லை."

பல சென்சார்கள், சில நாட்களில் தாங்கள் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்றின் அளவு என்று எடுத்துக்கொண்டு தங்களைத் திருத்திக்கொள்ளும். ராத்திரி பூட்டும் கடையில் இது சரியாக வரும். கப்பல் வரும் நேரத்துக்கு இரவு பகல் இயங்கும் அலுவலகத்தில் காற்று ஒருபோதும் அந்த அளவுக்குத் தெளியாது. எனவே சென்சார் நாளடைவில் குறைத்தே காட்டும், ஃபேனும் மெத்தனமாக ஓடும். அப்படிப்பட்ட இடமென்றால், தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை அணைக்க முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். அணைத்த பிறகு, ஆண்டுக்கு ஒருமுறையாவது மெக்கானிக்கைக் கூப்பிட்டு வெளிக்காற்றில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.