டிராவல் நர்ஸ்: விளம்பரத்தில் இருப்பதும் ஒப்பந்தத்தில் இருப்பதும்

அமெரிக்காவில் நர்ஸாக இருப்பவரின் கைப்பேசியில் ஒரே நாளில் நாலைந்து முறை இப்படிச் செய்தி வந்து விழும்: "சான் டியேகோ, டெலிமெட்ரி வார்டு, நைட் ஷிஃப்ட், 13 வாரம், வாரத்துக்கு 2,400 டாலர்." அனுப்புவது ஏஜென்சியின் ரெக்ரூட்டர். ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைக்கு ஏஜென்சி ஒரு நர்ஸை ஒப்பந்தத்தில் அனுப்பும். பெரும்பாலும் வாரம் மூன்று ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு 12 மணி நேரம். 13 வாரம் முடிந்தால் நீட்டித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். இவர்கள்தான் டிராவல் நர்ஸ்கள்.

கொரோனா காலத்தில் சில ஊர்களில் வாரக் கூலி 5,000 டாலரைத் தாண்டியது. அந்தக் கூலி இறங்கிவிட்டது. அப்போது பரவிய கதைகள் இறங்கவில்லை. இன்றும் யாராவது ஒரு சொந்தக்காரர் 2,400-ஐ 52-ஆல் பெருக்கி, ரூபாயாக்கி, கோடியைத் தொட்டுவிட்டு நம்மைப் பார்ப்பார். பெருக்கலில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட எண்ணில்தான் பிழை.

"2,400 டாலரும் சம்பளம்தானே?"

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மணிக்கு 25 டாலர் வீதம் 36 மணி நேரத்துக்கு 900 டாலர். சம்பளம் என்பது இவ்வளவுதான். வரி பிடிப்பதும் இதற்குத்தான். மீதி 1,500 டாலர் தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமான படி. நம்மூர் அரசு ஊழியர் வெளியூர் டியூட்டிக்குப் போனால் வாங்குகிறாரே, அந்தப் பயணப்படி மாதிரி. ஊருக்கு ஊர் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதற்கு அமெரிக்க அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் வெளியிடும் அட்டவணை இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்குப் படி கூடுதலாகவும், நெப்ராஸ்காவின் சிற்றூருக்குக் குறைவாகவும் இருப்பது அதனால்தான்.

படிக்கு வரி இல்லை. ஆனால் அது எல்லாருக்கும் இல்லை.

"சொந்த ஊரில் ஒரு முகவரி இருந்தால் போதும்"

அதிகம் பேரைக் கவிழ்க்கும் நம்பிக்கை இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வரித்துறையான ஐஆர்எஸ் கேட்பது இதுதான்: நீங்கள் உங்கள் 'டாக்ஸ் ஹோமை' விட்டு வெளியே வந்து தங்கியிருக்கிறீர்களா? டாக்ஸ் ஹோம் என்றால் குடும்பம் இருக்கும் வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். ஐஆர்எஸ் கணக்கில் அது முதலில் நீங்கள் வேலை செய்யும் ஊர். நிலையான வேலையிடம் இல்லாதவருக்குத்தான் வழக்கமாக வசிக்கும் வீடு கணக்கில் வரும். அதற்கும் மூன்று சோதனைகள் உண்டு. அந்த வீட்டில் தங்கி அந்தப் பகுதியில் கொஞ்சமாவது வேலை செய்கிறீர்களா? வெளியூரில் வாடகை கொடுக்கும் அதே நேரத்தில் இங்கேயும் வீட்டுச் செலவு ஓடுகிறதா? குடும்பம் அங்கே இருப்பதோ, நீங்கள் அடிக்கடி அங்கே போய்த் தங்குவதோ உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் கவலையில்லை. இரண்டுக்கு ஆம் என்றால் சூழ்நிலையைப் பொறுத்தது. ஒன்றுதான் என்றால் ஐஆர்எஸ் பார்வையில் நீங்கள் நாடோடி. நாடோடிக்கு டாக்ஸ் ஹோம் கிடையாது; இல்லாத வீட்டை விட்டு ஒருவர் வெளியூர் போயிருக்கவும் முடியாது. ஆகவே அந்த 1,500 டாலர் முழுவதும் வரி கட்ட வேண்டிய வருமானம்.

டல்லாஸில் சித்தி வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றும் நர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் சித்தி வீட்டுக்கு வருகிறது, காரும் அந்த முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால் சித்திக்கு ஒரு டாலர் வாடகை தந்ததில்லை. அப்படியானால் இரட்டைச் செலவு எங்கே? சந்தை விலைக்கு வாடகை கொடுத்து, அது வங்கிக் கணக்கில் தெரிந்து, சித்தியும் அதை வருமானமாகக் காட்டினால் நிலைமை மாறும். அதற்குச் சித்தி சம்மதிப்பாரா என்பது உங்கள் குடும்ப விவகாரம்.

இதனுடன் ஒட்டிக்கொண்டே வரும் இன்னொரு கதை '50 மைல் விதி'. வீட்டிலிருந்து 50 மைல் தாண்டி வேலை பார்த்தால் படிக்கு வரியில்லையாம். அப்படி ஒரு ஐஆர்எஸ் விதியே கிடையாது. உள்ளூர் நர்ஸ்கள் நிரந்தர வேலையை விட்டுவிட்டு டிராவல் கூலிக்குத் தாவிவிடாமல் இருக்க மருத்துவமனைகளும் ஏஜென்சிகளும் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. மைல் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். வரித்துறை பார்ப்பது வேறு: வேலையை முடிக்க வெளியூரில் தூங்கி ஓய்வெடுத்தே ஆக வேண்டுமா? 60 மைல் தள்ளி டியூட்டி பார்த்துவிட்டு தினமும் வீட்டுக்கு வந்து படுப்பவருக்கு வரியில்லாப் படி கிடையாது.

ஓராண்டுக் கணக்கும் உண்டு. ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் வேலை நீளும் என்று தெரிந்தால், அது தெரிந்த நாளிலிருந்தே அந்த ஊர் உங்கள் டாக்ஸ் ஹோம் ஆகிவிடும். வார்டு பிடித்துப் போய் நாலாவது முறை நீட்டிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லை என்ற தெம்பும் கலிஃபோர்னியாவில் செல்லாது. அங்கே சம்பாதித்ததற்கு அந்த மாநிலம் தன் பங்கைக் கேட்கும்.

எல்லாம் ஒழுங்காக இருந்து, 900 டாலருக்கு மட்டும் வரி கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நல்லதுதான். ஆனால் முதுமையில் வரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் அந்த 900-ஐ வைத்துத்தான் கணக்கிடப்படும். வேலையிழப்பு உதவித்தொகையும் அப்படியே. வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி அதிகாரியின் கண்ணும் அங்கேதான் போய் நிற்கும். சம்பளத்தைக் குறைத்துப் படியைக் கூட்டித் தருகிறோம் என்று ரெக்ரூட்டர் சலுகைபோலச் சொல்வதை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

ஓவர்டைமும் இதில் மாட்டியிருந்தது. மணிக்கு 25 டாலருக்கு ஒன்றரை மடங்கு என்றால் 37.50 தானே வரும்? 2021-ல் ஏஎம்என் சர்வீசஸ் என்ற ஏஜென்சி மீதான வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஷிஃப்டுக்கு வராவிட்டால் குறைகிற படி, பெயரில் படியாக இருந்தாலும் உண்மையில் கூலிதான். ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்கள் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன.

"ஒரு லைசென்ஸ் வாங்கினால் நாடு முழுக்கப் போகலாம்"

பாதி உண்மை. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஓர் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நிரந்தரமாக வசிப்பவருக்குப் பன்மாநில உரிமம் கிடைத்தால், மற்ற உறுப்பு மாநிலங்களிலும் வேலை பார்க்கலாம். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை.

கலிஃபோர்னியாவுக்குத்தான் எல்லாருக்கும் போக ஆசை. 2004-ல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள சட்டம் ஒரு நர்ஸ் எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்று வரம்பு வைத்தது. இப்போது ஐசியுவில் அதிகபட்சம் 2 பேர், பொது மருத்துவ வார்டில் 5 பேர். வேறு மாநிலத்தில் ஏழெட்டுப் பேரை ஒற்றை ஆளாகப் பார்த்துக் களைத்தவருக்கு இந்த எண்கள் சம்பளத்தைவிடப் பெரிது. ஆனால் கைரேகைப் பதிவு, பழைய உரிமச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து கலிஃபோர்னிய உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஒப்பந்தம் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

வீடு மாறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிரந்தர வசிப்பிடத்தை வேறோர் உறுப்பு மாநிலத்துக்கு மாற்றினால் 60 நாட்களுக்குள் அங்கே புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 13 வார ஒப்பந்தத்துக்காகப் போய்த் தங்குவது வசிப்பிட மாற்றம் ஆகாது.

"13 வாரம் என்றால் 13 வாரச் சம்பளம் நிச்சயம்"

மருத்துவமனை நினைத்தால் ஆறாவது வாரத்திலேயே ஒப்பந்தத்தை முடித்துவிட முடியும். அன்றாடத்தில் அதைவிட அதிகம் நடப்பது, நோயாளிகள் குறைவாக இருக்கும் நாளில் "இன்று வர வேண்டாம்" என்று சொல்லிவிடுவது. அப்படி அழைத்துச் சொல்லும்போது முதலில் கழித்துவிடப்படுபவர் பெரும்பாலும் டிராவல் நர்ஸ்தான். வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்குக் கூலி உறுதி என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, இருந்தாலும் சம்பளமில்லாமல் எத்தனை ஷிஃப்டை ரத்து செய்ய மருத்துவமனைக்கு உரிமை என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வரி முதல் வரியைத் தின்றுவிடும்.

தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு வேண்டுமா? தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று ரெக்ரூட்டர் சொன்னது லீவு ஆகாது. தேதிகள் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். எந்தெந்த வார்டுக்கு மாற்றி அனுப்பலாம், உடம்பு சரியில்லாமல் ஷிஃப்ட் தவறினால் எவ்வளவு பிடிப்பார்கள், நடுவில் விலகினால் அபராதம் உண்டா என்பவையும் அப்படித்தான்.

இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் ஏஜென்சியின் மருத்துவக் காப்பீடு நின்றுவிடலாம். கோப்ரா என்ற சட்டம் பழைய காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரவிடுகிறது. அதைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. தேர்ந்தெடுத்துப் பிரீமியம் கட்டினால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். மூன்று வாரம்தான் இடைவெளி என்றால் சிலர் எதுவும் கட்டாமல் காத்திருந்து, ஏதாவது நடந்தால் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

"வாடகை நர்ஸ் என்றால் தரம் கம்மி"

இதை நோயாளியின் உறவினர்கள் மட்டுமல்ல, நிரந்தர நர்ஸ்களும் சொல்வதுண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன் குழு இதை ஆராய்ந்து 2013-ல் எழுதியது. ஏஜென்சி நர்ஸ்கள் அதிகம் உள்ள மருத்துவமனைகளில் இறப்பு கூடுதலாக இருப்பதுபோல மேலோட்டமாகத் தெரிந்தது. அந்த மருத்துவமனைகளின் மோசமான பணிச்சூழலைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. மோசமான இடத்தில்தான் நிரந்தர ஆள் நிற்பதில்லை. அங்கேதான் வாடகைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள்.

அதற்காக முதல் வாரம் சுலபம் என்று இல்லை. புது நிரந்தர நர்ஸுக்கு வாரக்கணக்கில் பழக்கம் கொடுக்கும் வார்டு, டிராவல் நர்ஸுக்கு ஒன்றிரண்டு ஷிஃப்டோடு விட்டுவிடும். ஒன்றிரண்டு ஆண்டு அனுபவம் இல்லாமல் ஏஜென்சிகள் எடுக்கத் தயங்குவது இதனால்தான். முதல் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே மருந்து அலமாரியான பிக்சிஸையோ ஆம்னிசெல்லையோ உங்கள் கைரேகை திறக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டருக்கு உங்கள் எண் ஏறியிருக்கிறதா, அவசரக் குழுவை அழைக்க எந்த எண், அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட் எந்த மூலையில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வலியில் துடிக்கும் நோயாளி முன்னால் நின்றுகொண்டு ஐடி பிரிவுக்கு போன் போடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. பதிவேட்டு மென்பொருள் எபிக்கா, சர்னரா, மெடிடெக்கா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடலாம். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்ற உயிர்காப்புப் பயிற்சிச் சான்றுகள் இரண்டு ஆண்டில் காலாவதியாகும். ஒப்பந்தத்தின் நடுவில் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாது. தடுப்பூசிப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை முடிவு எல்லாம் கைப்பேசியில் ஒரே கோப்பாக இருந்தால் ஒவ்வோர் ஏஜென்சிக்கும் புதிதாக ரத்தம் கொடுக்க வேண்டியிருக்காது.

"வீடு இலவசம்"

ஏஜென்சி வீடு தந்தால் வாடகைப்படி உங்களுக்குக் கிடைக்காது. நாமே தேடினால் மிச்சம் பிடிக்கலாம், ஏமாறவும் செய்யலாம். "வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் போடுகிறேன்" என்பவருக்குப் பதில் எழுதவே வேண்டாம். முதல் வாரம் சமையலறை உள்ள நீண்டகால ஹோட்டலில் தங்கி, வீட்டை நேரில் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நல்லது. ஒப்பந்தம் ரத்தானால் வீட்டை எத்தனை நாள் முன்னறிவிப்பில் விடலாம் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் வீட்டைப் பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம். அவர் தூங்கப்போகும் நேரம் அது.

"நம்மூரிலிருந்து நேராக டிராவல் நர்ஸாகப் போகலாம்"

முடியாது. சாதாரண நர்ஸ் வேலைக்கு ஹெச்-1பி விசா பொதுவாகக் கிடைப்பதில்லை. வழக்கமான வழி இபி-3 பிரிவில் கிரீன் கார்டு: என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டு நர்ஸின் தகுதியைச் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்று, ஆதரவு தரும் ஒரு முதலாளி. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. போய்ச் சேர்ந்தாலும் அழைத்த முதலாளியிடம் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்க்கும் ஒப்பந்தமும், நடுவில் விலகினால் பணம் கட்டும் நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். 13 வாரச் சுற்றெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டொராண்டோவில் இருக்கும் தமிழ் நர்ஸுக்கு வழி சற்று அகலம். கனடியக் குடியுரிமை இருந்தால் டிஎன் என்ற தகுதியில் அமெரிக்காவில் வேலை பார்க்கலாம். பிறந்தது யாழ்ப்பாணமா மதுரையா என்று அதில் பார்ப்பதில்லை. வெறும் நிரந்தர வசிப்புரிமை மட்டும் போதாது. உரிமம், விசாஸ்கிரீன், வேலைக் கடிதம் ஆகியவற்றோடு எல்லைச் சாவடியிலேயே விண்ணப்பிக்கலாம். டிஎன் குறிப்பிட்ட ஒரு முதலாளிக்குத்தான் செல்லும் என்பதால், அடுத்த ஒப்பந்தத்துக்கு ஏஜென்சியை மாற்றினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.