வெற்றிலை பாக்கு வைக்கும்போதே கேட்டுவிடு

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூரில் நீ டிக்கெட் போட்டு நடத்தப்போகும் கூத்துக்கு, கிருஷ்ணகிரிப் பக்கம் போன வருஷம் எடுத்த பாரதக் கூத்து வீடியோவை வெட்டி விளம்பரமாக விடப்போவதாகச் சொன்னாய். திரௌபதி வேஷம் கட்டியவரைக் கேட்டாயா என்றதற்கு, கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன் என்றாய். அவர் சம்மதம் மட்டும் போதாது தம்பி. ஊரார் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தது அந்த ராத்திரி ஆட்டத்துக்கு. வாத்தியார் குழுவுக்காகக் கூலி பேசலாம். ஆடியவரின் முகத்துக்கும் குரலுக்கும் அவரேதான் சம்மதிக்க வேண்டும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. நடிகர், பாடகரோடு பாம்பாட்டியையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது; அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். உரிமை 50 ஆண்டு நிற்கும். சொந்தப் பார்வைக்கும் பாடம் நடத்தவும் பதிவு செய்ய விலக்கு உண்டு. டிக்கெட் விற்கும் விளம்பரம் அதில் அடங்காது. அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரில் நடத்தினாலும் இதே சட்டம்தான்.

2012இல் இன்னொன்றும் சேர்ந்தது: ஆடியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் மதிப்புக் கெடும்படி ஆட்டத்தைச் சிதைக்கக் கூடாது. நேரத்துக்குள் அடக்க வெட்டுவது மட்டும் சிதைப்பு ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் துகிலுரியும் இடத்தை மட்டும் எடுத்து, அடியில் சினிமாக் குத்துப்பாட்டைப் போட்டால்? கற்பூரம் ஏற்றி, பார்க்கிறவர்களுக்கு அருள் வரும் கட்டம் அது. பகலில் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற ஆணாக அவர் இருந்து, அந்தத் துண்டு கேன்டீனில் கைக்குக் கை போனால், மறுநாள் அவர் எப்படி வேலைக்குப் போவார்? இதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. அபராதமும் வழக்கும் எனக்கு இரண்டாம் பட்சம்.

ஆகவே ஒரு தாள் எழுது. எந்த ராத்திரி ஆட்டம், எந்தத் துண்டு, யூடியூபிலா வாட்ஸ்அப்பிலா பேனரிலா, எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்று தெளிவாக இருக்கட்டும். தெலுங்கோ கன்னடமோ படிக்கிறவர் என்றால் அந்த மொழியிலேயே எழுதிக் கொடு. வெட்டிய துண்டைப் போட்டுக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கு. வேண்டாம் என்றால் விட்டுவிடு. இந்த முறை உன் மேடையில் ஆடாதவர் என்றால், அவர் சம்மதித்தாலும் போடாதே. அவரைப் பார்க்கத்தான் ஜனம் காசு கொடுத்து வரும்.

முகவீணைக்காரரையும் கேள். படத்தில் அவர் தெரியமாட்டார், ஆனால் அந்த முப்பது விநாடியும் அவர் ஊதியதுதான். அவர் பெயரும் வரட்டும்.

அன்புடன்,
அண்ணன்