கரண்ட் போனாலும் அடுப்படியில் வெளிச்சம்

தங்கச்சி, ஐப்பசி மழை வரப்போகிறது. வேதாரண்யம் பக்கம் குடியிருக்கும் உனக்கு, புயல் வந்தால் கரண்ட் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அடுப்படியில் எல்இடி ஸ்ட்ரிப் லைட் ஒட்டி, பேட்டரியும் சோலாரும் வைக்கப்போகிறேன் என்றாயே, நல்ல யோசனை. ஆனால் எடுத்ததும் பேனலை வாங்கிவிடாதே. எத்தனை மணி நேரம், எவ்வளவு லைட் என்று முதலில் தீர்மானம் பண்ணு. அதற்கேற்ற பேட்டரி, அந்தப் பேட்டரிக்கேற்ற பேனல் என்று அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

ஸ்ட்ரிப்பை 12 வோல்ட் ரகமாகக் கேட்டு வாங்கு. வீட்டுக் கரண்டில் நேராகச் செருகும் 230 வோல்ட் ரகமும் அதே கடையில் தொங்கும். அது இதற்கு ஆகாது. மீட்டருக்கு 60 பல்பு உள்ள சாதாரண ரகம் மீட்டருக்கு 5 வாட் அளவில் இழுக்கும். கலர் மாறும் பெரிய பல்பு ரகம் 14 வாட் வரை போகும், உனக்கு வேண்டாம். 5 மீட்டர் ரோலில் 2 மீட்டர் வெட்டினால் மேடைக்குப் போதும். மூன்று பல்புக்கு ஒரு கத்தரிக்கோல் குறி இருக்கும். அதில் மட்டும் வெட்டு. சிலிக்கான் பூசிய ரகமாக இருந்தால் தாளிக்கிற புகையும் எண்ணெயும் பல்பில் ஒட்டாது. பின்பக்கப் பசையை மட்டும் நம்பாதே, அடுப்புச் சூட்டில் உரிந்துவிடும். அலுமினியச் சட்டத்தில் வைத்து, அலமாரியின் அடிப்பக்கம், உன் பக்கத்து விளிம்பில் மாட்டு. அப்போதுதான் அரிவாள்மணையில் உன் நிழலே விழாது.

இப்போது கணக்கு. 2 மீட்டருக்கு 10 வாட். சாயங்காலம் 4 மணி நேரம் எரிந்தால் 40 வாட்-ஹவர். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்குமே, அந்த 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியில் முழு சார்ஜ் இருந்தால் 84 வாட்-ஹவர். ஆனால் இந்த மாதிரி லெட் ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் காலி பண்ணினால் சீக்கிரம் செத்துப்போகும். அப்படியானால் உனக்குக் கிடைப்பது 42தான்; ஒரு ராத்திரிக்குச் சரி. அடைமழை ஒரு நாளோடு விடுமா? 18 ஏஎச் வாங்கு. வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு ராத்திரி தாராளமாகத் தாங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், எடையும் குறைவு. விலை கூடுதல், அதற்கென்று உள்ள சார்ஜ் கன்ட்ரோலரும் வேண்டும்.

பேனலையும் சித்திரை வெயிலை வைத்துக் கணக்குப் போடாதே. நல்ல வெயிலில் 20 வாட் பேனல் ஒரு நாளைக்கு 70 வாட்-ஹவர் போலத் தரும். மேகம் மூடினால் அதில் கால்வாசி கிடைப்பதே பெரிது. அதனால் 40 வாட் பேனலாக எடு. தெற்குப் பார்த்து, லேசான சாய்வில் வை; மழைத் தண்ணீரே தூசியைக் கழுவிவிடும். தென்னை ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தால்கூட மொத்தக் கரண்டும் படுத்துவிடும், பார்த்துக்கொள்.

பேனலிலிருந்து ஸ்ட்ரிப்புக்கு நேராக ஒயர் கொடுக்கவே கூடாது. 12 வோல்ட் பேனல் என்று பேர்தானே தவிர, வெயிலில் 18 வோல்ட் வரை போகும், எதோடும் இணைக்காமல் சும்மா இருக்கும்போது 21ஐத் தாண்டும். ஸ்ட்ரிப் கருகிவிடும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். அதில் முதலில் பேட்டரியை இணை, பிறகு பேனல், கடைசியில் லைட். கழற்றும்போது அப்படியே தலைகீழ். பகலில் சார்ஜ் ஏறும் நேரம் பேட்டரியே 14 வோல்ட்டுக்கு மேல் போகும்; அப்போது லைட்டைப் போட்டால் பல்பு சூடாகி ஆயுள் குறையும். ராத்திரிக்கு மட்டும் போடு.

பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ் மாட்டச் சொல். பைக் உதிரிபாகக் கடையில் ஹோல்டரோடு கிடைக்கும். இதை எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்றாலும் நீ விடாதே. சின்னப் பேட்டரிதான், ஆனால் இரண்டு ஒயரும் ஒட்டினால் தீப்பிடிக்கிற அளவு கரண்ட் பாயும். பேட்டரியை கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்காதே. காற்றோட்டமான இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் பலகை போட்டு வை.

பிள்ளைகள் படிக்க மட்டும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. யுஎஸ்பியில் செருகும் 5 வோல்ட் ஸ்ட்ரிப் ஒரு மீட்டர் போதும், 5 வாட் இழுத்தாலும் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் 5 மணி நேரம் ஓடும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கரண்ட் இருக்கும்போதே சார்ஜரில் போட்டுப் பேட்டரியை நிரப்பிவிட்டு, பேனலை இறக்கி வீட்டுக்குள் வை. மாடியில் ஸ்டாண்ட் அடிக்கும்போதே, நாலு நட்டைக் கழற்றினால் பேனல் கையோடு வருகிற மாதிரி அடிக்கச் சொல்.