எந்த வாடைக்கு எது? கடலோர வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

நெய்யாறு பூவாறில் கடலோடு சேர்கிறது. அதற்குத் தெற்கே, தமிழ்நாட்டின் நீரோடியை ஒட்டிக் கிடக்கிறது பொழியூர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்ந்து சுவர் சற்றே உலர்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வீடு மணக்க வேண்டுமென்று பலரும் முதலில் வாங்குவது வாசனைப் பொருளைத்தான். அதைக் கடைசியில் வாங்கலாம். இங்கே வீட்டில் அடிக்கும் வாடை பெரும்பாலும் இரண்டில் ஒன்று: மீன் கவுச்சி, அல்லது ஈரம் ஊறிய மக்கல் நெடி. எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காது.

கவுச்சியிலிருந்து தொடங்குவோம். கடல்மீன் செத்தபின் அதன் சதையில் உள்ள ஒரு பொருளை பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைன் என்ற ஆவியாக மாற்றுகின்றன. சாளை கழுவிய கையில் ஒட்டிக்கொள்வது இதுதான். இது காரத்தன்மை உடையது. புளிப்பு பட்டால் ஆவியாகாத உப்பாக மாறி, தண்ணீரோடு போய்விடும். கட்டிச் சோப்பும் காரம்தான். அதனால்தான் சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் விரலில் கவுச்சி நிற்கிறது. முதலில் புளி, பிறகு சோப்பு என்று வரிசையை மாற்றிப் பாருங்கள்.

புளிப்புகளில் எதைத் தேர்வது? கறிக்குக் கரைத்தபின் மிஞ்சும் புளிச்சக்கைக்கே என் ஓட்டு. செலவில்லை, நாரும் கோதும் இருப்பதால் தேய்ப்பதற்கும் ஆகும். அரிவாள்மணை, மண்சட்டி, மீன் கழுவும் தொட்டி எல்லாவற்றுக்கும் அது போதும். மண்சட்டிக்குச் சோப்பு போடவே கூடாது, நுண்துளைகளில் இறங்கி அடுத்த கறியில் மணக்கும். எலுமிச்சை மூடி கைக்கும் பலகைக்கும் நல்லது. வினிகர் தரைக்கும் குழாயடிக்கும் வசதி. நீர் கலந்து துடைத்தால் அதன் நெடி சற்று நேரத்தில் போய்விடும். ஆனால் பளிங்குத் தரையில் எந்தப் புளிப்பும் படக் கூடாது, மெருகை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலும் வினிகரோ எலுமிச்சையோ ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

ஆப்ப சோடாவை எல்லா நாற்றத்துக்கும் சொல்கிறார்கள். அதுவும் காரம் என்பதால் மீன் கவுச்சியோடு மல்லுக்கட்டாது. புளித்த மாவு, கெட்டுப்போன பால், காய்கறிக் கழிவு வைத்த வாளி போன்ற புளிப்பு நாற்றத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மக்கல் நெடி. இதுதான் கடலோரத்தில் பெரிய தொல்லை. சுவரின் அடியில், முழங்கால் உயரம் வரை, வெள்ளையாகப் பூத்து விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறதே, அது உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாக நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் இங்கே அதற்குக் குறைந்த ஈரப்பதம் இருப்பதே அரிது. ஆகவே உப்புக்காற்று படிந்த திரைச்சீலை, மெத்தை, சுவர் எல்லாம் மழை மேலே படாமலேயே ஈரமாகின்றன. அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது, பூஞ்சையிலிருந்து நெடி வருகிறது. அதன் மேல் எந்தத் தைலத்தைத் தெளித்தாலும் இரண்டு வாடையாகும், அவ்வளவுதான்.

இதற்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். திரைச்சீலைகளை மழைக்கு முன்னும் பின்னும் நன்னீரில் அலசினால் உப்பு போகும். சுவரில் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் உதிர்த்து, கூட்டி அள்ளிவிட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். அடுத்தது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடித்தால், அதன் கடுங்காரத்தில் பூஞ்சை பிழைக்காது. சுவரும் மூச்சு விடும். பிளாஸ்டிக் எமல்ஷன் ஈரத்தை உள்ளே அடைத்துக் கொப்புளமாகக் கிளம்பும். சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கட்டும் என்று சிலர் கல்லுப்பைச் சேர்ப்பார்கள். உள்நாட்டில் எப்படியோ, இந்தக் கரையில் அது வேண்டவே வேண்டாம். காற்றுப் பட்டுக் காரம் குறைந்துகொண்டே வருமாதலால் ஆண்டுதோறும் மே மாதத்தில் அடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு அஞ்சுகிறவர்கள் படுக்கையறைக்கும் பீரோ சாய்ந்து நிற்கும் சுவருக்கும் மட்டுமாவது அடிக்கலாம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் பலன் தரும்.

மூடிய இடங்களுக்குச் சிரட்டைக்கரி. முதல் உலகப் போரில், 1918ல், அமெரிக்கா விஷவாயு முகமூடிகளுக்காகத் தேங்காய்ச் சிரட்டையையும் பழக்கொட்டைகளையும் சேகரித்துக் கரியாக்கியது. ஆவியை உறிஞ்சும் அதே குணம்தான் இங்கேயும் உதவுகிறது. அடுப்பில் எரித்த கரி, ஆலையில் நீராவி கொடுத்துத் தயாராகும் கரி அளவுக்கு உறிஞ்சாது. ஆனாலும் செருப்பு அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் இரண்டு கைப்பிடி துணியில் கட்டி வைத்தால் வித்தியாசம் தெரியும். மாதம் ஒருமுறை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும்.

வாடை போனபின் மணம். இங்கே மருந்துக்கடைகளில் ராமச்சம் என்ற பெயரில் வெட்டிவேர் கிடைக்கும். சாவக்காடு முதல் பொன்னானி வரையுள்ள மணல்கரையிலும், தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கத்திலும் விளைவது. வேரை நனைத்துத் தட்டியாகத் தொங்கவிடுவது வடநாட்டு வறண்ட வெயிலுக்கு ஏற்றது. நமக்கு அது ஈரத்தைக் கூட்டும். உலர்ந்த கட்டாகத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த மணம் இதுதான். தரை துடைக்கப் புல்தைலம் மலிவு. எண்ணெய் என்பதால் தண்ணீரில் மிதக்கும். கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து ஊற்றினால் பரவும். பூனை வளர்க்கும் வீட்டில் தவிர்க்கலாம்.

சாம்பிராணியும் குந்திரிக்கமும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் உரிய மணம். அந்தி நேரத்தில் வீட்டில் புகை போடும்போது மனத்துக்குக் கிடைக்கும் நிறைவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புகை புகைதான். நுண்துகள் நுரையீரலுக்குள் போகும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சற்று நேரம் போட்டால் போதும். கைக்குழந்தையோ இழுப்பு நோயாளியோ இருக்கும் அறையில் வேண்டாம். தணலை மூடிய அறையில் விட்டுவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

தொட்டிச்செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989ல் வந்த நாசா ஆய்விலிருந்து பரவியது. அது சிறிய மூடிய கூண்டில் செய்த சோதனை. வீட்டில் அந்தப் பலன் கிடைக்கச் செடிகளை அறை முழுக்க அடுக்க வேண்டும். அழகுக்காக வைக்கலாம். பாச்சை உருண்டையை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். நாப்தலீன் ஏறிய துணியில் குழந்தையைப் பொதிந்தால், ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். தொட்டில் துணி அடுக்கும் பெட்டிக்கு வெட்டிவேரே போதும்.