ஒரு பெட்டி ரெக்கார்டும் ஒரு டன் தாதுவும்

பழைய பித்தளைப் பாத்திரம் என்றால் எடை போட்டுக் காசு சொல்லிவிடலாம். நகை என்றால் உரைகல்லில் தேய்த்துத் தரம் சொல்லிவிடலாம். பரணிலிருந்து இறங்கும் ரெக்கார்டுப் பெட்டிக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அதனால்தான் அதைச் சுற்றி வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிறது. தாத்தா சேர்த்தது, ஒன்றையும் தொடக் கூடாது என்பது ஒரு கட்சி. பாட வைக்க மிஷினே இல்லை, காயலான் கடைக்குப் போடு என்பது மறு கட்சி. கோலார் தங்கவயலில் இந்த வழக்கு இன்னும் கொஞ்சம் அவசரமானது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கக் கம்பெனியான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதிலிருந்து ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெங்களூருக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கும் நாளில் பெட்டியைப் பற்றி ஏதோ ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது. இரண்டு கட்சியும் ஒரே தவறைச் செய்கின்றன என்பது என் எண்ணம். இருவருமே பெட்டியை ஒற்றைப் பொருளாக எண்ணுகிறார்கள். வைப்பதா விற்பதா என்ற கேள்வியைப் பெட்டியிடம் கேட்டால் பதில் வராது. தட்டு தட்டாக எடுத்துக் கேட்க வேண்டும்.

தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாளிலிருந்து அந்த ஊரின் பிழைப்பே இப்படித் துண்டு துண்டாக எடுத்துச் சோதிப்பதில்தான் ஓடியது. பாறை முழுவதும் தங்கம் என்று அங்கே யாரும் கொண்டாடியதில்லை, வெறும் கல் என்று பார்த்த மாத்திரத்தில் தள்ளியதும் இல்லை. துணுக்கு எடுத்துத் தரம் பார்க்கும் அஸ்ஸே ஆபீசுக்கு அனுப்பி, டன்னுக்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை. அப்படி அரைத்துத் தங்கம் எடுத்துக் கழித்த மண்தான் ஊரைச் சுற்றிக் குவிந்து கிடக்கும் சயனைடு மேடுகள். பதின்மூன்று மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் இருக்கிறது. அதில் தங்கம் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனாலும் அந்த மேடுகளை மறுபடி தோண்டி எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. கழிவு என்று ஒதுக்கியது இன்னொரு விலையில், இன்னொரு முறையில் தாதுவாகிவிடுகிறது. எது, எங்கே, எவ்வளவு ஒதுங்கிக் கிடக்கிறது என்ற கணக்கு இல்லாமல் இது முடியாது. ரெக்கார்டுப் பெட்டிக்கும் முதலில் வேண்டியது அந்தக் கணக்குத்தான்.

சோதனையின் முதல் படி, கையில் இருப்பது எந்த வகைத் தட்டு என்று தெரிந்துகொள்வது. கனமாக, விளிம்பில் நகத்தால் சுண்டினால் ஓடுபோல் கணீரென்று கேட்டால் அது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று, பத்து அங்குலம், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. சுண்டும்போது சத்தம் மழுங்கி, லேசாக வளைந்தும் கொடுத்தால் வினைல். 45 சுற்று இ.பி.யும் 33 சுற்று எல்.பி.யும் பெரும்பாலும் இந்த வகை. 78இல் அரக்கு மட்டும் கிடையாது, பாதிக்கு மேல் நுண்ணிய கல்தூள். பழைய எஃகு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றச் சொன்னதன் காரணம் இதுதான். அந்தக் கல்தூள் முள்ளின் நுனியைத் தேய்த்துத் தன் வரிக்கு ஏற்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடும்.   

வகை தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறை லாபம் உண்டு. ஸ்பிரிட் தொட்டால் அரக்கு கரையும். அதனால் 78ஐ ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது. எல்.பி.யைப் பழைய கிராமபோனில் போடவும் கூடாது, அந்தக் கனத்த தலை ஒரே ஓட்டத்தில் வரிகளை உழுதுவிடும். தங்கவயல் வீடுகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மேட்டிலிருந்து பறந்து வந்து ஜன்னல் கட்டையில் படியும் வெள்ளைத் தூசி சாதாரண வீட்டுத் தூசி அல்ல, அது அரைத்த படிகக்கல். வினைலைவிட எத்தனையோ மடங்கு கடினம். உறையில்லாத தட்டை வேட்டி நுனியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே தட்டிவிட வேண்டும், ஈரம் பிறகு.

இரண்டாவது படிதான் முக்கியம். இந்தத் தட்டில் இருக்கும் சத்தம் வேறு எங்காவது இருக்கிறதா? நம்மிடம் உள்ள திரைப்பாட்டுத் தட்டுகளில் பெரும்பங்குக்கு இதற்குப் பதில் சுலபம். ஹெச்.எம்.வி. முத்திரையில் வந்த பாட்டுகள் இன்று சரிகம என்ற பெயரில் இயங்கும் அதே கம்பெனியின் கையில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பாட்டுகளை அடைத்த கார்வான் பெட்டியாகவும் அவற்றை 2017 முதல் விற்கிறார்கள். கட்டபொம்மன், திருவிளையாடல் கதை வசனத் தட்டுகள்கூட அரிதானவை அல்ல. அவை அச்சான அளவும் அதிகம், கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மைக் செட்காரர்கள் கூம்புக் குழாயில் ஓட்டிய அளவும் அதிகம். இப்படிப்பட்ட தட்டை விற்றால் உலகம் எதையும் இழக்காது. நாடக மேடைப் பாட்டு, நகைச்சுவைச் சொல்லாட்டம், பஜனை, கீர்த்தனைப் பிரசங்கம், சின்னக் கம்பெனி முத்திரைகள் ஆகியவற்றின் கதை வேறு. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்தார், திரைப்படத்தில் நடித்ததில்லை. அவர் குரலுக்குத் தட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. 1930களில் சென்னையில் ஓடியன் முத்திரையில் வெளிவந்தவையும் மும்பையின் யங் இந்தியா முத்திரைத் தட்டுகளும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தில் இலக்கமுறைக்கு மாறியிருக்கின்றன. இந்திய ரெக்கார்டு சேகரிப்பாளர் சங்கத்தார் தனியாரிடம் பிழைத்திருந்த தட்டுகளைத் தேடித்தான் அந்த வேலையைச் செய்தார்கள். யாரோ ஒருவர் காயலான் கடைக்குப் போடாமல் இருந்ததால் கிடைத்த ஒலி அது.

சந்தையின் அளவுகோல் வேறு. அரிது என்பது ஒன்று, கேட்பவர் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இங்கிலாந்தின் பைண்டர்ஸ் கீப்பர்ஸ் கம்பெனி இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாட்டுகளில் சிலவற்றைத் தொகுத்துத் தட்டாகவே வெளியிட்டது. அவருடைய அந்தக் காலத்து எல்.பி.களைத் தேடுபவர்கள் தமிழே தெரியாத நாடுகளிலும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த தங்கவயலில் ஆங்கிலப் பாட்டுத் தட்டுகளும் கிடைக்கக் கூடும். அவற்றில் பலவற்றுக்குப் பெரிய விலை இல்லை. ஆனால் மேல்நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும், 1960களின் நடுப்பகுதிவரை ஹெச்.எம்.வி.யின் கல்கத்தா டம்டம் தொழிற்சாலை பீட்டில்ஸ் பாட்டுகளை 78ஆக அச்சிட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று அகப்பட்டால் எடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். எங்கே விற்பது என்பதிலும் கவனம் வேண்டும். பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இந்திக்கும் ராக் இசைக்கும் கைகள் அதிகம். தமிழ்த் தட்டின் லேபிளைப் படிக்கத் தெரிந்தவர் கையில் கிடைக்கும் விலை சென்னையில்தான் கிடைக்கும்.

வியாபாரி முதலில் பார்ப்பது தேய்மானம். சாய்ந்த வெயிலில் தட்டைப் பிடித்தால் நல்ல 78 கறுத்து மினுங்கும், மைக் செட்டில் அடிபட்டது சாம்பல் பூத்திருக்கும். அடுத்து அட்டையைப் பார்ப்பார். அட்டையில் மையால் பெயரோ கல்யாணத் தேதியோ எழுதியிருந்தால் உடனே விலையைக் குறைப்பார். அவர் தொழிலில் அது குறை. வீட்டுக்கு அந்தப் பேனா எழுத்துத்தான் பெட்டியிலேயே ஒப்பில்லாத பொருள், பாட்டு எங்கும் கிடைக்கும். சந்தைத் தரமும் வீட்டுத் தரமும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் இடம் இதுதான். அதனால் விற்பனைக்கு எடுத்த குவியலிலிருந்து எழுத்துள்ள அட்டைகளை முதலில் பிரித்துவிட வேண்டும். அவற்றுக்கு எப்படியும் நல்ல விலை வராது. வைத்துக்கொண்டால் நஷ்டம் கொஞ்சம்தான்.

தட்டு தட்டாகப் பிரித்து விற்கும் யோசனைக்கு வரும் மறுப்புகளில் வலுவானது தங்கத்தைக் காட்டிப் பேசுவது. சுரங்கத்தை மூடிய பிறகுதானே தங்க விலை ஏறியது, அன்று நட்டம் என்று மூடியது இன்று லாபமாகத் தெரியவில்லையா, ரெக்கார்டும் அப்படி ஏறாதா என்று கேட்பார்கள். தங்கவயலில் பிறந்தவர் கேட்கும்போது இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் ஒப்பீடு பொருந்தவில்லை. ஒரு கிராம் தங்கம் இன்னொரு கிராம் தங்கத்துக்குச் சமம். பரணில் கிடந்தாலும் வங்கியில் கிடந்தாலும் குறையாது, எந்த ஊரிலும் விற்கும். தட்டு வெயிலில் வளையும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கை தவறினால் 78 நாலு துண்டு. போதாக்குறைக்கு அதன் விலை ரசிகரின் வயதோடு கட்டப்பட்டது. எம்.கே. தியாகராஜ பாகவதர் குரலுக்காகத் துடித்த தலைமுறை போன பிறகு அந்தத் தட்டை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள்? இளையராஜா தட்டுக்கு இன்று உள்ள மவுசு இன்னும் முப்பது ஆண்டு நிற்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? விலை ஏறும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தட்டை வைத்திருந்தால், அதை இன்றே விற்பது நல்லது.

தொகுப்பைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்பது அடுத்த மறுப்பு. சில தொகுப்புகளுக்கு இது உண்மை. சென்னையின் வி.ஏ.கே. ரங்காராவ் சேர்த்தது போல ஒருவர் வாழ்நாள் முழுவதும் தேடி, தெரிந்து, தேர்ந்து சேர்த்தது ஒரு நூலகம். அதில் ஒன்றை உருவினாலும் இடைவெளி தெரியும். வீட்டுப் பெட்டிகள் அப்படிச் சேர்ந்தவை அல்ல. சம்பள நாளில் ஒன்று, மருமகன் கொண்டுவந்தது இரண்டு, சவுண்டு சர்வீஸ் கடையை மூடியபோது வந்தது முப்பது என்று சேர்ந்தவை. சவுண்டு சர்வீஸ் தட்டுகள் ஒரே கடையின் எண்ணோடும் வரிசையோடும் முழுதாக இருந்தால் மட்டும் நான் பிரிக்கச் சொல்லமாட்டேன். ஓர் ஊர் எந்த விழாவுக்கு எதைக் கேட்டது என்பது அந்த வரிசையில் இருக்கிறது. அதற்குச் சரியான இடம் ஓர் ஆவணக்காப்பகம். நேரே சுமந்துகொண்டு போகாமல், சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கு முதலில் பட்டியலை அனுப்பிக் கேட்க வேண்டும். அவர்களிடம் இருப்பதையே மறுபடி கொடுப்பதில் யாருக்கும் பயனில்லை.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மொத்தத்தையும் விற்றுவிடலாமே என்பவர்களுக்குப் பாதி சம்மதம். வேறெங்கும் இல்லாத தட்டை ஏற்றாமல் விற்கவே கூடாது. ஆனால் 78இன் வரி அகலம். எல்.பி.க்கான முள்ளைப் போட்டால் அது வரியின் அடியில் புழுதியை உழுதுகொண்டு இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். 78க்கென்று வரும் தடித்த முள் வேண்டும், சுத்தம் செய்த பிறகு எடுக்க வேண்டும், சுருக்கிய எம்பி3ஆக அல்லாமல் முழு வேவ் கோப்பாகச் சேமிக்க வேண்டும். தட்டை விற்றபின் இரண்டாம் முறை எடுக்க வழியில்லை. சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டு. 1964வரை வெளியானவற்றுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளரின் உரிமை அவர்கள் இறந்து அறுபது ஆண்டுவரை தனியே நிற்கும். எனவே தட்டு பழையது என்பதற்காக எதையும் இணையத்தில் ஏற்றிவிட முடியாது.

இடம் இல்லை என்பதை நான் மறுப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை, அது உண்மை நிலவரம். நூறு எல்.பி. அட்டையோடு இருபது, இருபத்தைந்து கிலோ வரும். பெங்களூரில் இரண்டு அறை வீட்டுக்கு அதைச் சுமந்துபோவது சும்மா இல்லை. ஆனால் மேலே சொன்ன சோதனைக்குப் பிறகு ஒரு சாதாரணப் பெட்டியில் மிஞ்சுவது பதினைந்து இருபது தட்டுக்கு மேல் இருக்காது என்பது என் கணிப்பு. அலமாரியில் ஒரு சாண் இடம் போதும். படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும், சாயாமல் நெருக்கமாக, வெயில் படாத சுவர் ஓரமாக. ரப்பர் பேண்டு போடக் கூடாது.

சோதனையை எங்கே தொடங்குவது என்றால் ஒரு நாற்பது பக்க நோட்டில். முத்திரை, லேபிளில் உள்ள எண், இரண்டு பக்கத்துப் பாட்டு, பாடியவர், தேய்மானம், அட்டையில் எழுத்து உண்டா என்று தட்டுக்கு ஒரு வரி. வரிகளுக்கு வெளியே நடு லேபிளை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். லேபிள் கிழிந்தால் அதை வைத்துத்தான் தட்டை அடையாளம் காண முடியும். தங்கவயலில் தமிழ்ப் பள்ளிகளைவிட்டுக் கன்னட, ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போன பேரப்பிள்ளைகள் இந்த லேபிள்களை எழுத்துக்கூட்டியும் படிக்க மாட்டார்கள். ஆகவே பாட்டின் பெயரைத் தமிழில் எழுதிய கையோடு, பக்கத்திலேயே கன்னடத்திலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.