தாளில் நிற்பது

சென்னை,
ஐப்பசி 12.

அன்புள்ள மருமகனுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.  

உன் நான்கு பக்கக் கடிதம் நேற்று மாலைத் தபாலில் வந்தது. மூன்று மாதம் சிரத்தையோடு உழைத்து நீ பாஸ்டலில் தீட்டிய அந்தப் பெரியவரின் உருவப்படம் மதுரைக்கு ரயிலில் போய்ச் சேர்ந்து, கட்டைப் பிரித்தபோது, தலைப்பாகையிலும் தோளிலும் இருந்த வெண்மையெல்லாம் உதிர்ந்து கண்ணாடியின் உட்புறத்தில் திருநீறுபோல் படிந்திருந்தது என்பதையும், வீட்டார் வாய்விட்டு ஒன்றும் சொல்லாவிட்டாலும் மீதிப் பணத்தைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை என்பதையும் படித்தபோது, எனக்கு வருத்தம் உண்டாயிற்றே தவிர ஆச்சரியம் உண்டாகவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில், ‘இந்தத் தூளோடு இனி மாரடிக்க என்னால் ஆகாது, எண்ணெய் வர்ணத்துக்கே மாறிவிடப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் விடிந்ததும் பேனாவை எடுத்தேன்.

பாஸ்டல் என்பது இன்னதென்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், மனம் கலங்கியிருக்கும் சமயத்தில் தெரிந்ததையே இன்னொரு தரம் கேட்பது நல்லது. வர்ணப் பொடியோடு சுண்ணமோ வெண்களிமண்ணோ சேர்த்து, கட்டி உடையாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே பிசின் நீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, உலர்த்தியதுதான் அது. எண்ணெய் வர்ணத்தில் பொடியை எண்ணெய் சூழ்ந்துகொள்கிறது. நீர்வர்ணத்தில் பிசின் அதைப் பற்றிக்கொள்கிறது. பாஸ்டலிலோ பொடியானது தாளின் சொரசொரப்பில் சிக்கிக்கொண்டு, மேலே போர்வை ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. அதன் துகள்களில் பட்ட வெளிச்சம் நாலாபுறமும் சிதறுவதனால்தான் வேறெந்த வர்ணத்துக்கும் வாய்க்காத அந்த மிருதுவான ஒளி அதற்கு வாய்த்திருக்கிறது. எக்காரணத்தால் அது உதிர்கிறதோ, அக்காரணத்தாலேயே அது ஒளிர்கிறது. பிசின் கரைசலைத் தெளித்து அதை நிரந்தரமாக நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், துகள் நனைந்து, வெளுப்பு மங்கி, நிறம் ஒரு படி கறுத்துப்போகிறது. ஆகையால் அதன் குணத்தை வைத்துக்கொண்டு தோஷத்தை மட்டும் நீக்க வழி கிடையாது.

அப்படியானால் எல்லாப் பாஸ்டல் படங்களும் உதிர்ந்துபோயிருக்க வேண்டாமோ என்று கேட்பாய். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தாளுக்கு ஓர் அளவு உண்டு. முதலில் கெட்டியான கட்டியால் இருளையும், பிறகு மெதுவான கட்டியால் வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு வரும்போது, சொரசொரப்பின் பள்ளங்கள் சிறிது சிறிதாக நிரம்புகின்றன. நிரம்பியபின் வைப்பது தாளின்மேல் அல்ல, தூளின்மேல் உட்காருகிறது. உட்கார்ந்தது ஓர் அதிர்ச்சியில் எழுந்துவிடுகிறது. நீ எழுதியிருப்பதை நீயே திரும்பப் படித்துப் பார். உதிர்ந்தது முகமா? இல்லை. ஒரே அமர்வில், அவர் எதிரே இருக்கும்போதே வைத்த கண்களும் மூக்கும் அப்படியே இருக்கின்றன. அவர் எழுந்து போனபின், தலைப்பாகை இன்னும் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று பதினைந்து நாள் நீ வெள்ளையை அப்பிக்கொண்டிருந்தாயே, அதுதான் உதிர்ந்தது. தாள் ஏற்றுக்கொண்டது நின்றது, ஏற்காதது போயிற்று. ரயிலின்மேல் பழி போட வேண்டாம்.

இந்தக் குற்றம் உனக்கு மட்டும் உரியதன்று. பிரான்ஸ் தேசத்தில் 1704ஆம் வருஷத்தில் பிறந்த மோரிஸ் காந்தான் த லா தூர் என்பவரைக் காட்டிலும் இக்கலையில் கைதேர்ந்தவர் அபூர்வம். பல தாள்களை ஒட்டி, ஆறடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில் மதாம் த பொம்பதூர் என்ற சீமாட்டியை அவர் தீட்டி, 1755இல் காட்சிக்கு வைத்த படம் இன்றும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவர் முதுமையில், முடிந்துபோன படங்களையெல்லாம் திரும்ப எடுத்து, இன்னும் மேலாக்குகிறேன் என்று திருத்தித் திருத்தி அவற்றைக் கெடுத்துவைத்தார். ஆனால் பெரிய படங்களுக்கு முன்னோட்டமாக, முகத்தை மாத்திரம் விறுவிறுவென்று பிடித்து, சுற்றிலும் வெறுந்தாளாக அவர் விட்டுவைத்த சித்திரங்கள் பல அவருடைய சொந்த ஊரான ஸேன் காந்தானில் இருக்கின்றன. அவற்றின் பிரதிகளை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் என் சொந்தப் படங்களில் நான்கைக் கிழித்துப் போட்டேன்.

எண்ணெய்க்கு மாறப் போகிறேன் என்கிறாய். எண்ணெயிலிருந்து இதற்கு மாறியவர் ஒருவரையும் அறிந்துகொள். ஷார்தான் என்பவர் ஆயுளில் பெரும்பகுதி எண்ணெய் வர்ணத்தில் பானைகளையும் பழங்களையும் தீட்டிப் புகழடைந்தவர். எழுபது வயதைத் தாண்டியபின் கண் நோய் வந்து, எண்ணெய் வர்ணத்தோடு உழைப்பது சிரமமாகிவிடவே, பாஸ்டலைக் கையில் எடுத்தார். 1771இல் தலையில் முண்டாசுபோல் துணியும் மூக்கில் கண்ணாடியுமாகத் தம்மையே தீட்டினார். 1775இல் கண்ணுக்கு மேல் பச்சை மறைப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு மறுபடியும் தீட்டினார். கிட்டப் போய்ப் பார்த்தால் கன்னத்தில் தனித்தனிக் கோடுகள். அவற்றை விரலால் தேய்த்துக் குழைத்துவிடவில்லை. பார்வை குன்றிய கிழவருக்கு எத்தனை கோடு போதும் என்பது தெரிந்திருந்தது. உனக்கோ கண் நன்றாகத் தெரிகிறது. விரல்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இனித் தொழில் முறைகள் சில. படப்பலகையைச் சற்று முன்சாய்வாக நிறுத்து; தூள் படத்தின்மேல் வழியாமல் நேரே கீழே விழும். வாயால் ஊதாதே, சில வர்ணங்களில் காட்மியம் முதலிய நஞ்சு உண்டு. வெளியே கொண்டுபோய்ப் பலகையின் பின்புறத்தைத் தட்டு. தரையை ஈரத் துணியால் துடை. அழுக்கேறிய கட்டிகளைப் பச்சரிசி போட்ட டப்பாவில் இட்டு மெல்லக் குலுக்கினால் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அந்த அரிசியை உடனே கொட்டிவிடு. ஒரு தரம் உன் அத்தை அதை உலையில் போடப் போன சமயத்தில் நான் தற்செயலாகச் சமையலறைக்குப் போனதனால் இன்று உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் போடுகிற இடத்தில் நீயே நின்றுகொள். முப்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு கடைக்காரர் அட்டை மவுண்ட் வைக்காமல் கண்ணாடியைப் படத்தின்மேலேயே அழுத்திப் பொருத்திவிட்டார். நானும் அவசரத்தில் பாராமல் கொடுத்துவிட்டேன். கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் கோத்து, கறுப்புக் கோட்டின்மேல் பூஞ்சை பூத்து, வாங்கியவர் அதை என்னிடமே திருப்பி அனுப்பினார். அந்தப் பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்து முடித்தபின் அவரே இரண்டாவது படத்துக்குச் சொல்லியனுப்பினார். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நிற்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகட்டைப் போட்டால், துடைக்கும்போது அதில் உண்டாகும் மின்கவர்ச்சி தூளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். வெளிப்புறச் சுவரில் மாட்ட வேண்டாமென்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடு.

ஆகவே இப்பொழுது செய்ய வேண்டியது இது. மதுரைக்கு நீயே போ. பணத்தைப் பற்றிப் பேசாதே. படத்தைச் சரிசெய்து தருவதாக மட்டும் சொல்லி வாங்கிக்கொள். சட்டத்தைக் கழற்றி, பின்புறத்தை இரண்டு மூன்று தரம் தட்டி, போகிறதெல்லாம் போகட்டும் என்று விடு. மிச்சமிருப்பதை ஒரு வாரம் தொடாமல் பார்த்துக்கொண்டிரு. தலைப்பாகைக்கு எட்டுப் பத்துக் கோடுகளுக்குமேல் வேண்டியிராது என்று நினைக்கிறேன். அதன்பிறகும் எண்ணெய்தான் வேண்டுமென்று தோன்றினால் நான் தடுக்க மாட்டேன். என்னிடம் உள்ள தூரிகைகளைக்கூடத் தருகிறேன்.

மழை விட்டதும் ஒரு முறை இங்கே வந்துவிட்டுப் போ. படத்தையும் கொண்டுவருவதானால், பட்டர் பேப்பரால் மூடி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, முகம் மேலே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டு வா. ரயிலில் தூக்கம் வந்தால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொள்.

இப்படிக்கு,
உன் மாமா.