மனசுக்கும் முதலுதவி உண்டு



கவ்வாத்துக் கத்தி பட்டு இரத்தம் வந்தால் என்ன செய்கிறோம்? சுத்தமான துணியால் அமுக்கிக் கட்டி டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகிறோம். அது முதலுதவி. மனசு அடிபட்டால்? "அழாதே, எல்லாம் தலைவிதி" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. தப்பியவர்களுக்குச் சோறு வேண்டும், துணி வேண்டும், பாய் வேண்டும். ஆனால் மழை இரைச்சல் கேட்டாலே நடுங்குகிற பிள்ளைக்கு அது மட்டும் போதுமா?

அனர்த்தம் நடந்த பிறகு மிஸ்ஸிமாருக்கு வகுப்பு வைக்க நேரமும் இருக்காது, பாதையும் இருக்காது. அதனால் வேலை செய்யும் இடத்தில் இருந்தே முன்கூட்டிப் படிக்க இணையவழிப் பயிற்சிகள் வந்துள்ளன. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு பாடநெறி உண்டு. உலக சுகாதார நிறுவனம் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து 2011 இல் வெளியிட்ட கைநூல் இந்த உதவியை மூன்று சொல்லில் அடக்குகிறது.

1. பார்: இடம் பாதுகாப்பானதா? தனியே நிற்கும் பிள்ளை, கர்ப்பிணி, வயசானவர் யார்? முதலில் அவர்களிடம் போக வேண்டும்.

2. கேள்: பக்கத்தில் இருந்து, சொல்வதைக் கேட்க வேண்டும்.

3. இணை: சொந்தக்காரர், சாப்பாடு, கிராம சேவகர், ஆஸ்பத்திரி என்று தேவையான இடத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம்.

"அக்கா, நான் டிஸ்பென்சரி மிஸ்ஸி. பக்கத்தில உட்காரட்டுமா?"

"உட்காருங்க மிஸ்ஸி. எனக்குப் பேச முடியல."

"பேச வேணாம் அக்கா. நான் இங்கதான் இருப்பேன். இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"எம் மகன் எந்த முகாம்ல இருக்கான்னு தெரியணும்."

"பட்டியல்ல பார்த்துட்டு வாறேன். பேரு இருந்தாலும் இல்லாட்டியும் வந்து சொல்றேன்."

கவனித்தீர்களா? "மகன் பத்திரமா இருப்பான்" என்று மிஸ்ஸி சொல்லவில்லை. தெரியாததை வாக்குக் கொடுத்தால், நாளைக்கு அந்த அக்கா யாரையும் நம்ப மாட்டார். "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கிண்டவும் இல்லை. நடந்ததை எல்லாம் உடனே சொல்ல வைத்தால் மனசு ஆறும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனம் அதைச் சிபாரிசு செய்வதில்லை. தானாகப் பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் கூட இருக்க வேண்டும்.

இதைத் திரையில் பார்த்து மட்டும் பழக முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மிஸ்ஸியாகவும் மற்றவர் இழந்தவராகவும் பேசிப் பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகுவதுதான் ரொம்பக் கஷ்டம்!

மிஸ்ஸி வந்து சேரும் வரைக்கும் பக்கத்துக் காம்பராக்காரர்தான் துணை. ஆகவே இந்த மூன்றும் நமக்கும் பாடம்தான். பயமும் தூக்கமின்மையும் பெரும்பாலானோருக்கு நாளடைவில் குறையும். ஒரு மாதம் கழிந்தும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, குடி கூடுகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். "செத்துப் போகலாம்" என்று ஒருவர் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

வீட்டில் கூடிப் பேச:

* நம் லயத்தில் மழைக்குப் பயந்து தூங்காத பிள்ளை யார்?

* துக்க வீட்டில் நாம் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளில் எதை விட்டுவிடலாம்?